பத்து மணி ராகிக் கஞ்சி

ஜெயலட்சுமி எந்த வேலையையும் முதல் இரண்டு நாள் புத்தகத்தில் சொன்னபடி செய்வாள். மூன்றாம் நாள் தன் கைக்குத் தோதாக மாற்றிவிடுவாள். மாற்றிய பிறகு அது முன்பைவிடச் சுருக்காகவும் சுத்தமாகவும் நடக்கும் என்பதால் யாரும் வாய் திறந்ததில்லை. சிவாஜிநகருக்குப் பக்கத்தில் இருக்கும் அந்த டிரஸ்ட் ஆஸ்பத்திரியின் ஐ.சி.யு.வில் அவள் பத்தொன்பது வருஷமாக நர்ஸ். நோயாளியின் வாய்க்குழாயை நிறுத்திவைக்கும் பிளாஸ்டரை முனையில் கால்சட்டை மாதிரி இரண்டாகக் கிழித்து ஒட்டுவது, ஏழெட்டு மருந்துக் குழாய்கள் பின்னிக் கிடக்கும் கட்டிலில் ஒவ்வொன்றுக்கும் ஒரு நிறத்தில் நெயில் பாலிஷ் புள்ளி வைப்பது எல்லாம் அவள் கொண்டுவந்தவை. புதிதாகச் சேரும் பெண்களுக்கு அவற்றை யாரும் தனியாகச் சொல்லித்தருவதில்லை. பார்த்துப் பழகிக்கொள்வார்கள்.

அவள் பிறந்ததும் வளர்ந்ததும் ஒக்கலிபுரம். அப்பா ரயில்வேயில் தண்டவாள வேலைக்காக ஜோலார்பேட்டையிலிருந்து வந்தவர். கல்யாணத்துக்குப் பிறகும் அவள் அந்தத் தெருவை விட்டுப் போகவில்லை; மூன்று வீடு தள்ளிக் குடியிருந்த உத்தமனைக் கட்டிக்கொண்டாள். உத்தமன் கட்டடங்களுக்குப் பெயின்ட் அடிப்பவன். பன்னிரண்டாவது மாடியில் கயிற்றுப் பலகையில் தொங்கிக்கொண்டே போனில் சண்டை போடக்கூடியவன்.

கொரோனாவின் இரண்டாவது அலையில் அவன் பத்தொன்பது நாள் வென்டிலேட்டரில் இருந்தான், அவள் வேலை செய்யும் அதே ஐ.சி.யு.வில். பதினோராம் நாள் சோதனையில் கிருமி இல்லை என்று வந்துவிட்டது. ஆனாலும் நுரையீரல் இளகவில்லை. அப்போது டாக்டர் ஸ்ரீகண்டன் எக்ஸ்-ரேயை வெளிச்சத்தில் பிடித்துக்கொண்டு சொன்னார்: “வைரஸ் போயாச்சு சிஸ்டர். இப்போ இருக்கிற புண்ணுல பாதி நம்ம மெஷின் பண்ணது.”

அவர் மறைத்துப் பேசத் தெரியாத மனிதர். மல்லேஸ்வரத்தில் மூன்று தலைமுறையாக இருக்கும் தமிழ்க் குடும்பம். தாத்தா மைசூர் சர்க்காரில் வேலை பார்த்தவர். கோபம் வந்தால் கன்னடத்துக்குப் போவார், வருத்தம் வந்தால் தமிழுக்கு வருவார்.

அவர் சொன்னது ஜெயலட்சுமிக்குப் புதிதல்ல. நாமாக மூச்சு விடும்போது நெஞ்சு விரிந்து காற்றை உள்ளே இழுத்துக்கொள்கிறது. வென்டிலேட்டர் வெளியிலிருந்து காற்றைத் தள்ளுகிறது. நிமிஷத்துக்குப் பதினாறு முறை, இருபது முறை, இரவு பகலாக. அந்த மெஷின் இல்லாவிட்டால் ஆள் இல்லை. ஆனால் தள்ளித் தள்ளி நுரையீரலின் மெல்லிய சுவர் கன்றிப்போகும், கிருமியே இல்லாமல் வீங்கும், வீக்கம் தழும்பாகும். உத்தமன் பிழைத்து வந்தான். ஆனால் இரண்டு மாடி ஏறினால் நடுவில் ஒருமுறை உட்கார வேண்டும். இப்போது சாம்ராஜ்பேட்டையில் ஒரு பெயின்ட் கடையில் கலர் கலக்கும் மெஷின் முன்னால் உட்கார்ந்திருக்கிறான். “மெஷினுக்கும் எனக்கும் ஏதோ ராசி, விட மாட்டேங்குது” என்பான்.

ஆகவே, இரண்டு வருஷத்துக்கு முன் ஸ்ரீகண்டன் ஓர் ஆய்வு தொடங்கப்போகிறார் என்று தெரிந்ததும் அவளே போய்க் கேட்டாள், அதை ஒருங்கிணைக்கும் வேலையை எனக்குக் கொடுங்கள் என்று. டெட்ராசைக்ளின் என்ற ஆன்டிபயாடிக், அவள் அம்மா காலத்து மருந்து. கிருமியைக் கொல்லும் அளவுக்குக் கொடுக்காமல் அதைவிடக் குறைவாகக் கொடுத்தால், வென்டிலேட்டரால் வரும் நுரையீரல் வீக்கத்தை அது தணிக்குமா என்பதுதான் கேள்வி. எலிகளில் தணிந்திருக்கிறது. மனிதர்களில் பார்க்க வேண்டும். தொண்ணூறு நோயாளிகள். பாதிப் பேருக்கு நிஜ மருந்து, பாதிப் பேருக்கு அதே நிறத்தில் வெறும் மாவு. யாருக்கு எது என்பது மருந்தகத்தில் இருக்கும் நாராயணசாமியின் பூட்டிய அலமாரிக்கு மட்டும் தெரியும். மூன்று நாளுக்கு ஒருமுறை நுரையீரலைக் கொஞ்சம் உப்புத் தண்ணீரால் அலசி எடுத்து, அதில் வீக்கத்தின் அளவைப் பார்ப்பார்கள். தினமும் மதியம் கொஞ்சம் ரத்தம் எடுத்து உறைய வைப்பார்கள், கடைசியில் மொத்தமாகச் சோதிக்கலாம் என்று.

ஆய்வுப் புத்தகத்தில், கேப்சூலைப் பிரித்துத் தண்ணீரில் கரைத்து மூக்குக் குழாய் வழியாகக் கொடுக்க வேண்டும் என்று இருந்தது. அந்தத் தூள் தண்ணீரில் கரையாது. மேலே மிதக்கும், சிரிஞ்சின் ஓரத்தில் ஒட்டும், குழாயை அடைக்கும். முதல் இரண்டு நோயாளிகளிலேயே ஐந்து முறை அடைத்தது. ஜெயலட்சுமி மூன்றாம் நோயாளிக்கு வழி கண்டுபிடித்தாள். காலை பத்து மணிக்குக் கிச்சனிலிருந்து குழாய் வழியாகக் கொடுப்பதற்குப் பால் விட்டுக் காய்ச்சிய ராகிக் கஞ்சி வரும். அதில் ஒரு கரண்டியை எடுத்துத் தூளைக் குழைத்தால் வெண்ணெய் மாதிரி இறங்கியது. வார்டு நோட்டில் தன் கையெழுத்தில் எழுதி ஒட்டினாள். வாராந்திரக் கூட்டத்தில் ஸ்ரீகண்டன், “இதுக்குத்தான் சிஸ்டரை வெச்சிருக்கேன்” என்றார். எல்லாரும் கை தட்டினார்கள்.

அதற்குப் பிறகு குழாய் ஒருமுறைகூட அடைக்கவில்லை. நாற்பத்தைந்து நோயாளிகள் முடிந்தார்கள்.

நாற்பத்தைந்தாம் நோயாளி முடிந்ததும் வெளியிலிருந்து ஒரு குழு வந்து பாதி வழியில் கணக்குப் பார்ப்பதாக ஏற்பாடு. இரண்டு பக்கமும் வித்தியாசம் இல்லையென்றால் ஆய்வை நிறுத்திவிடுவார்கள். குழு வரும் வெள்ளிக்கிழமை கூடுகிறது. யாருக்கு எது என்று ஜெயலட்சுமிக்குத் தெரியாது. ஆனால் அலசல் தண்ணீரின் அளவுகளை எழுதுபவள் அவள்தான். மருந்து வேலை செய்தால் பாதிப் பேருக்காவது எண் இறங்கியிருக்க வேண்டும். தாளை எப்படித் திருப்பிப் பார்த்தாலும் எல்லாம் ஒரே உயரத்தில் நின்றன. நாலே நாலு பேரைத் தவிர.

அந்தத் திங்கட்கிழமை காலை அவள் வீட்டு அடுப்படியில் ராகி மால்ட் ஆற்றிக்கொண்டிருந்தாள்.

“கிருத்தி, ஆறிப்போவுது பாரு. வந்து குடி.”

“எனக்கு வேணாம்மா. இப்பதான் மாத்திரை போட்டேன்.” மகள் கிருத்திகாவுக்குப் பத்தொன்பது வயது. முகத்தில் பரு நிற்காமல் வந்துகொண்டிருந்ததால் போன வாரம்தான் சிவாஜிநகரில் ஒரு தோல் டாக்டரிடம் போய் வந்திருந்தாள்.

“மாத்திரை போட்டா சாப்பிடக் கூடாதுன்னு எந்த ஊரு சட்டம்?”

“பால் கூடச் சேரக் கூடாதாம். ராகியும் வேணாம்னாரு. அதுல இருக்கற கால்சியம் மாத்திரையைப் புடிச்சு வெச்சிக்குமாம், உடம்புல ஏறவே விடாதாம். ரெண்டு மணி நேரம் கழிச்சு குடிக்கறேன்.”

உத்தமன் செய்தித்தாளை இறக்கினான். “பரு போறதுக்கு இவ்ளோ ரூல்ஸா. நான் செத்துப் பொழச்சதுக்கே... இவ்ளோ இல்ல.”

“அப்பா, நீங்க மொதல்ல ஒரு வரியை மூச்சு வாங்காம முடிங்க.”

“முடிப்பேன். நீ நடுவுல பேசாம இருந்தா.”

கால்சியம் என்றதற்குப் பிறகு அவர்கள் பேசியது எதையும் ஜெயலட்சுமி கேட்கவில்லை. மேஜையில் கிடந்த மாத்திரை அட்டையைத் திருப்பினாள். சைக்ளின் என்று முடியும் பெயர். அதே குடும்பம். ஆற்றிக்கொண்டிருந்த டம்ளரை அப்படியே கீழே வைத்தாள்.

நர்சிங் பள்ளியில் இதைப் படித்திருக்கிறாள். பரீட்சையில் எழுதியும் இருக்கிறாள். ஆனால் ஐ.சி.யு.வில் ஆன்டிபயாடிக் எல்லாம் ஊசியில்தான் போகும். நேராக ரத்தத்தில் ஏறும் மருந்துக்குப் பாலும் இல்லை, ராகியும் இல்லை. பத்தொன்பது வருஷத்தில் அந்தப் பாடம் தேவைப்பட்டதே இல்லை. இந்த ஒரு மருந்துதான் வயிற்று வழியாகப் போனது. அதை அவள் தினமும் தவறாமல், ஆஸ்பத்திரியிலேயே சுண்ணாம்புச் சத்து அதிகமுள்ள கஞ்சியில் குழைத்து அனுப்பியிருக்கிறாள்.

“என்ன ஜெயா, முகம் ஒரு மாதிரி ஆயிடுச்சு?” என்றான் உத்தமன்.

“நான் பத்து மணிக்குள்ள போவணும்” என்று மட்டும் சொன்னாள்.

மெஜஸ்டிக்கில் பஸ்ஸுக்கு நிற்கவில்லை, ஆட்டோ பிடித்தாள். ஐ.சி.யு.வில் நுழைந்தபோது ஷோபா நான்காம் கட்டில் அருகே கஞ்சிக் கிண்ணத்தோடு நின்றிருந்தாள். துமகூருக்காரி, ஆறு வருஷமாகத் தமிழர்களோடு வேலை செய்து தமிழைக் கற்றுக்கொண்டவள். நான்காம் கட்டிலில் இருப்பவர் நாற்பத்தாறாவது நோயாளி.

“ஷோபா, கலக்காத.”

“யாக்கே, ஏன் அக்கா? தூளு பிரிச்சாச்சு.”

“வெச்சிடு. தண்ணியில குடுக்கணும். கஞ்சி ஒரு மணி நேரம் கழிச்சு.”

“அடைச்சிக்கும் அக்கா. நீங்கதானே சொல்லிக் குடுத்தீங்க.”

“நான்தான் சொல்லிக் குடுத்தேன். தப்பா சொல்லிக் குடுத்தேன்.”

ஷோபா கிண்ணத்தைக் கீழே வைத்தாள். ஜெயலட்சுமி அக்கா இந்த வார்த்தையைச் சொல்லி அவள் கேட்டதில்லை. ஜெயலட்சுமி வெதுவெதுப்பான தண்ணீரில் தூளைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்த்துக் கரைத்து, குழாயில் விட்டு, அடைத்தபோது இழுத்து, மறுபடி விட்டாள். அரை மணி நேரம் ஆனது. பிறகு ஆய்வுப் புத்தகத்தை எடுத்துப் பார்த்தாள். உணவுக்கு ஒரு மணி நேரம் முன்பு, வெறும் தண்ணீரில் என்று தெளிவாகவே இருந்தது. அந்தப் பக்கத்தின் கீழே, படித்துப் புரிந்துகொண்டேன் என்று அவள் கையெழுத்து.

அடுத்து, எண் இறங்கியிருந்த அந்த நாலு பேரின் சார்ட்டுகளை எடுத்தாள். நாலு பேருக்கும் வயிறு ஒத்துக்கொள்ளாமல் பல நாள் கஞ்சி நிறுத்தப்பட்டிருந்தது. அந்த நாட்களில் மருந்து தண்ணீரில்தான் போயிருக்கிறது.

ஸ்ரீகண்டன் தன் அறையில் வெள்ளிக்கிழமைக்கான தாள்களை அடுக்கிக்கொண்டிருந்தார். அவள் நின்றபடியே சொல்லி முடித்தாள். அவர் கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார்.

“யாருக்குத் தெரியும் இது?”

“எனக்கு. ஷோபாவுக்குப் பாதி. இப்போ உங்களுக்கு.”

“சிஸ்டர், உட்காருங்க. கொஞ்சம் யோசிக்கலாம். டெட்ராசைக்ளின் முழுசா நின்னுடாது. கொஞ்சம் உள்ள போயிருக்கும்.”

“எவ்ளோன்னு நமக்குத் தெரியாதே சார். உறைய வெச்ச ரத்தம் இருக்கு. பாத்தா தெரிஞ்சிடும்.”

“பாத்தா எல்லாருக்கும் தெரிஞ்சிடும்.” அவர் எழுந்து ஜன்னல் பக்கம் போனார். “நாற்பத்தஞ்சு குடும்பம் கையெழுத்து போட்டிருக்கு. நாம சொன்னபடி மருந்தைக் கொடுக்கலைன்னு ஆனா, எதிக்ஸ் கமிட்டி அன்னிக்கே கடையை மூடிடும். பேசாம இருந்தா, வெள்ளிக்கிழமை வித்தியாசம் இல்லைன்னு சொல்லி மரியாதையா நிறுத்துவாங்க. ரெண்டுலயும் நிக்கத்தான் போகுது. எதுக்கு நீங்க தலையைக் கொடுக்கணும்?”

“ரெண்டும் ஒண்ணு இல்ல சார்.”

“எப்படி?”

“வித்தியாசம் இல்லைன்னு நின்னா, இந்த மருந்து மனுஷனுக்கு வேலை செய்யாதுன்னு நீங்க எழுதுவீங்க. மத்த டாக்டருங்க அதைப் படிப்பாங்க. அப்புறம் யாரும் அதைத் தொட மாட்டாங்க. மருந்து தோத்துப் போகல சார். மருந்து உள்ளயே போகல.”

அவர் ஜன்னலிலிருந்து திரும்பி வந்து கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டார்.

“வேலை செய்யலேன்னா செய்யலேன்னு தெரியட்டும். எனக்கு அதுல ஒண்ணும் இல்ல. ஆனா கேக்காத கேள்விக்கு இல்லைன்னு பதில் எழுத நான் விட மாட்டேன். நீங்க சொல்லலேன்னா வெள்ளிக்கிழமை நான் உள்ள வந்து சொல்லுவேன்.”

“பெதரிக்கே ஹாக்தீரா நனகே?” கன்னடத்துக்குப் போய்விட்டார். என்னையே மிரட்டுகிறீர்களா என்று கேட்டார்.

“இல்ல சார். முன்கூட்டியே சொல்றேன்.”

அந்த வாரம் முழுக்க அவர் அவளிடம் வேலையைத் தவிர வேறு பேசவில்லை. அவள் தினமும் மதியச் சாப்பாட்டு நேரத்தில் சார்ட்டு அறையில் உட்கார்ந்து, நாற்பத்தைந்து பேருக்கும் மருந்து எந்த நேரம், கஞ்சி எந்த நேரம் என்று பக்கம் பக்கமாக எடுத்து எழுதினாள். ஷோபா தன் சோற்று டப்பாவைத் தூக்கிக்கொண்டு அங்கேயே வந்து உட்கார்ந்தாள்.

“அக்கா, வேலை போயிட்டா?”

“வார்டு வேலை போவாது. இந்த வேலை போகும்.”

“சுண்டக்கா குழம்பு இருக்கு, சாப்பிடுங்க மொதல்ல. வேலை போறதுக்கும் தெம்பு வேணும்.”

வீட்டில் உத்தமனிடம் எல்லாவற்றையும் சொன்னாள். அவன், “நான் படுத்திருந்தப்போ இந்த மருந்து இருந்திருந்தா?” என்று கேட்டான்.

“தெரியாது. யாருக்கும் தெரியாது. அதான் பிரச்சினையே.”

“அப்ப தெரிஞ்சிக்கற வரைக்கும்... விடாத.” மூச்சு வாங்கிக்கொண்டு தொடர்ந்தான். “திட்டினா வாங்கிக்கோ. பெயின்ட் கோணலா அடிச்சா, சுரண்டிட்டு மறுபடி அடிக்கத்தான் வேணும். மேல கோட்டிங் குடுத்தா பொங்கிடும்.”

வெள்ளிக்கிழமை குழுவில் ஐந்து பேர். ஜெயலட்சுமியைக் கூப்பிடவில்லை; அவள் கதவுக்கு வெளியே பெஞ்சில் தாள்களோடு உட்கார்ந்திருந்தாள். பத்து நிமிஷத்தில் ஸ்ரீகண்டனே கதவைத் திறந்து, “வாங்க சிஸ்டர்” என்றார். எல்லாவற்றையும் அவரே சொல்லிவிட்டிருந்தார் என்பது உள்ளே இருந்தவர்களின் முகத்திலேயே தெரிந்தது.

நடுவில் இருந்த பெண் டாக்டர் அவளைப் பார்த்து ஆங்கிலத்தில் கேட்டார், இந்தக் கஞ்சிக்கு யார் உத்தரவிட்டது என்று.

“நான்தான் மேடம். நோட்டுல என் எழுத்து.”

“யாரும் சரிபார்க்கவில்லையா?”

அவள் வாய் திறப்பதற்குள் ஸ்ரீகண்டன் சொன்னார்: “நான் பாராட்டினேன். கூட்டத்துல, எல்லார் முன்னாலயும். மருந்தோட குணம் அவங்களைவிட எனக்குத்தான் நல்லா தெரிஞ்சிருக்கணும். ரிப்போர்ட்டுல என் பேரை முதல்ல போடுங்க.”

ஜெயலட்சுமி அவரைத் திரும்பிப் பார்க்கவில்லை. தான் எழுதிய தாள்களை மேஜையில் வைத்து, பெண் டாக்டர் பக்கம் நகர்த்தினாள். ஒரு மணி நேரம் கேள்வி கேட்டார்கள். ஒவ்வொன்றுக்கும் அவள் பக்க எண் சொன்னாள்.

உறைந்த ரத்தம் சோதனைக்குப் போனது. மூன்று வாரத்தில் பதில் வந்தது. நிஜ மருந்து பெற்றவர்கள் இருபத்துமூன்று பேர். அவர்களில் பத்தொன்பது பேர் ரத்தத்தில் மருந்து பேருக்குத்தான் இருந்தது. நாலு பேருக்கு மட்டும் இருக்க வேண்டிய அளவு இருந்தது. அந்த நாலு பேர் யார் என்று ஜெயலட்சுமி கேட்க வேண்டியிருக்கவில்லை.

“நாலு பேரை வெச்சு ஒண்ணும் சொல்ல முடியாது சிஸ்டர்” என்றார் ஸ்ரீகண்டன்.

“தெரியும் சார். தொண்ணூறு வேணும்.”

குழு முடிவு எழுதி அனுப்பியது. ஆய்வு தோற்றதாகக் கணக்கில்லை. நடக்கவே இல்லை என்று கணக்கு. நாற்பத்தாறு பேரையும் கழித்துவிட்டு ஒன்றிலிருந்து தொடங்கலாம். ஆனால் ஒருங்கிணைப்பு வேலை ஜெயலட்சுமியிடம் இருக்கக் கூடாது. நடந்ததைக் குடும்பங்களுக்குத் தெரிவிக்க வேண்டும்.

நர்சிங் தலைவி அன்னா மேடம் அவளைக் கூப்பிட்டுக் கடிதத்தைக் கொடுத்தார். கோட்டயத்துக்காரர், கடுமையானவர், அன்று கடுமையாக இல்லை. “அடுத்த வாரத்திலிருந்து உங்களுக்கு வார்டு ஷிப்ட். ஆய்வு வேலை ஷோபாவுக்கு. குடும்பங்களுக்குக் கடிதம் போதும்னு ஆபீஸ்ல சொல்றாங்க. ஒரு தாள், மூணு வரி, தபால்ல போயிடும்.”

“நான் போன் பண்றேன் மேடம்.”

“நாற்பத்தாறு பேருக்கா? அதுல பாதிப் பேர் உயிரோடவே இல்லையே.”

“தெரியும். கையெழுத்து வாங்கும்போது நான்தான் எதிர்ல உட்கார்ந்திருந்தேன்.”

அன்னா மேடம் ஆபீஸ் போனைத் தன் மேஜையிலிருந்து அவள் பக்கம் நகர்த்தினார்.

நான்காம் கட்டில்காரர் பிழைத்து வார்டுக்குப் போயிருந்ததால், அவர் மனைவியிடம் நேரிலேயே சொல்லிவிட்டாள். மீதி நாற்பத்தைந்து பேரைப் பட்டியலில் இருந்த வரிசைப்படியே கூப்பிட முடிவு செய்தாள். முதல் பெயர் அல்சூரைச் சேர்ந்த ஓர் அம்மாள். இறந்துபோனவர். போனை எடுத்தது மகன்.

“வெங்கடகிருஷ்ணனா? நான் ஜெயலட்சுமி, ஐ.சி.யு. நர்ஸ். உங்கம்மா பதினோரு நாள் எங்ககிட்ட இருந்தாங்க.”

“ஞாபகம் இருக்கு சிஸ்டர். சொல்லுங்க. அம்மா போய் ஒன்றரை வருஷம் ஆச்சே.”

அவள் சொன்னாள். ஆய்வு என்ன, பாதிப் பேருக்கு ஏன் வெறும் மாவு, மருந்து எப்படிக் கொடுத்திருக்க வேண்டும், எப்படிக் கொடுத்தார்கள், அதனால் அது உடம்பில் சேரவில்லை என்று வரிசையாகச் சொன்னாள். ‘உங்கள் அம்மாவையும் சேர்த்து முதல் இரண்டு நோயாளிகளுக்குத் தண்ணீரில்தான் கொடுத்தோம், ஆனால் குழாய் அடைத்து முழு அளவும் போகவில்லை’ என்பதையும் விடவில்லை. அந்தப் பக்கம் பஸ் ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டு போனது.

“அது ஒழுங்கா போயிருந்தா அம்மா பொழச்சிருப்பாங்களா?”

“தெரியாதுங்க. அதைத் தெரிஞ்சிக்கத்தான் ஆரம்பிச்சோம். தெரிஞ்சிக்க முடியாம பண்ணிட்டேன்.”

“நீங்களா?”

“நான்தான்.”

“இதை எதுக்கு இப்ப சொல்றீங்க? சொல்லலேன்னா எனக்குத் தெரிஞ்சிருக்கவே போறதில்ல.”

“எங்ககிட்ட நம்பி கையெழுத்து போட்டீங்க. என்ன ஆச்சுன்னு உங்களுக்குத் தெரியணும். கோவம் இருந்தா எழுதிக் குடுக்கலாம், எங்க அனுப்பணும்னு நானே சொல்றேன்.”

“எழுதலாமா வேணாமான்னு அப்புறம் பாக்கறேன்.” அவன் மூச்சு விடுவது கேட்டது. “மறுபடி பண்றீங்களா?”

“புதன்கிழமையிலேருந்து.”

“சரி” என்றான். மன்னித்தேன் என்றோ மாட்டேன் என்றோ சொல்லவில்லை. போனை வைத்துவிட்டான்.

ஜெயலட்சுமி அந்தப் பெயருக்கு எதிரே தேதியையும் நேரத்தையும் எழுதினாள். அவன் கேட்ட கேள்விகளையும் அதே வார்த்தைகளில் எழுதினாள். தண்ணீர் குடித்தாள். பிறகு இரண்டாவது எண்ணை அழுத்தினாள்.